ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளர்கள்

என் அக்காள் மகள் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ரிட்ஜ்வுட் என்னும் இடத்தில் குடியிருக்கிறாள். சென்ற ஆண்டு குடியுரிமை பெற்று, நவம்பரில் நடந்த மேயர் தேர்தலில் தன் வாழ்வின் முதல் அமெரிக்க வாக்கைச் செலுத்தினாள். இந்த ஜனவரியில், கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பெருமாள்மலையில் விடியும் முன்பே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்துகிடந்த ஒரு நாளில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. இந்நேரத்தில் அழைக்கிறாளே என்று பதறித்தான் எடுத்தேன். நலம் விசாரித்து முடித்ததும், "மாமா, ரெண்டு பேருமே நம்ம பக்கத்து ஆளுங்கதான். யாருக்குப் போடறதுன்னு தெரியல" என்றாள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்திய மாமன் என்றால் இதற்கெல்லாம் விடை வைத்திருப்பான் என்று அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அன்று எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அதன்பிறகு சில வாரங்களாகப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவள் குடியிருப்பது நியூயார்க் மாநிலத்தின் 7-ஆவது காங்கிரஸ் தொகுதி. (அங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றத்தின் பெயர். நம் ஊரில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் குழம்புகிறார்.) 1992-இல் தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்துவரும் நிடியா வெலாஸ்கெஸ் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். காலியாகும் அந்த இடத்துக்கு புரூக்ளின் பகுதித் தலைவர் அன்டோனியோ ரெய்னோசோ நிற்கிறார். முற்போக்காளர் என்று நெடுநாளாக அறியப்பட்டவர், வெலாஸ்கெஸின் ஆதரவும் அவருக்கே. எதிரே, வாகனத் தொழிலாளர் சங்கத்தில் அமைப்பாளராக இருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குப் போன கிளேர் வால்டெஸ் நிற்கிறார். இவர் அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பின் உறுப்பினர். அதே அமைப்பைச் சேர்ந்த புதிய மேயர் சோரான் மம்தானி இவரை ஆதரிக்கிறார். வீட்டு வாடகை, மருத்துவம், குடியேறியவர் உரிமை என்று எதை எடுத்தாலும் இந்த இருவருக்கும் இடையில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது என்பதுதான் என் மருமகளின் சங்கடம்.

இது நவம்பர் மாதப் பொதுத்தேர்தல் பற்றிய பேச்சன்று, 2026 ஜூன் 23-இல் நடக்கவிருக்கும் பிரைமரி தேர்தல் பற்றியது. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அக்கட்சியில் பதிவு செய்துகொண்ட சாதாரண வாக்காளர்களே வாக்குச்சாவடிக்குச் சென்று முடிவு செய்யும் முறை அது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் வருகிறது. பெருநகரத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றில் ஜனநாயகக் கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருப்பதால், நவம்பரில் நடப்பது சடங்கு மட்டுமே. உண்மையான போட்டி அதற்கு மாதக்கணக்கில் முன்பே, மிகக் குறைவானவர்கள் வாக்களிக்கும் பிரைமரியில் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு குறைவு என்பதற்கு 2018-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 26 அன்று, பிராங்க்ஸ், குவீன்ஸ் பகுதிகளைச் சேர்ந்த 14-ஆவது தொகுதியில், 28 வயதான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், பத்துமுறை வென்றவரும் சபையில் கட்சியின் மூத்த தலைவர்களுள் ஒருவருமான ஜோ கிரவுலியைத் தோற்கடித்தார். உலகம் முழுவதும் செய்தியான அந்த வெற்றிக்கு அவர் பெற்ற வாக்குகள் 17,000-க்கும் சற்றுக் குறைவு. இரு வேட்பாளர்களின் வாக்குகளையும் கூட்டினாலும் முப்பதாயிரத்தைத் தொடவில்லை. தொகுதியின் மக்கள்தொகையோ ஏழு லட்சத்தைத் தாண்டியது. மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் பெருந்தலையைச் சாய்த்த கதையாகவே இதை நம் பத்திரிகைகள் எழுதின. அது பொய்யில்லை. ஆனால் கதவு கதவாகத் தட்டும் ஆயிரம் தொண்டர்கள் இருந்தால் ஒரு காங்கிரஸ் தொகுதியையே பிடித்துவிடலாம் என்ற கணக்கை அன்றுதான் அந்த ஊர் சோசலிஸ்டுகள் கண்டுகொண்டார்கள் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

இதைப் படிக்கும்போது என் சொந்தத் தொகுதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொடைக்கானல் மலை முழுவதும் பழனி சட்டமன்றத் தொகுதியில் சேர்ந்தது; பழனி, திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. 2024 முதல் எங்கள் எம்.பி. ஒரு மார்க்சிஸ்ட், தோழர் சச்சிதானந்தம். நியூயார்க்கின் ஒரு தொகுதியைப் பிடிக்க அங்குள்ள சோசலிஸ்டுகள் ஆண்டுக்கணக்கில் படிக்கட்டு ஏறி இறங்க, இங்கே பூம்பாறைப் பூண்டு விவசாயியும் மன்னவனூர் ஆட்டுக்காரரும் ஏற்கெனவே அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தின் பிரதிநிதியை டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்தச் சின்னம் எங்கள் வாக்கு இயந்திரத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். 2019-இல் தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு மதுரையும் கோயம்புத்தூரும் ஒதுக்கப்பட்டன, திண்டுக்கல்லில் தி.மு.க.வே நின்று வென்றது. 2024-இல் கோயம்புத்தூரை தி.மு.க. எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லைத் தோழர்களுக்குக் கொடுத்தது. சென்னையில் இரண்டு தரப்புக் குழுக்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி எழுந்தபோது, சுமார் 16 லட்சம் வாக்காளர்களின் அடுத்த எம்.பி. எந்தக் கட்சி என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

நான் அவருக்குத்தான் வாக்களித்தேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. திண்டுக்கல் நகரம் மார்க்சிஸ்டுகளுக்குப் புதிய ஊரும் அன்று. தோழர் பாலபாரதி மூன்றுமுறை அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். எனக்குள்ள குறை ஒன்றுதான்: வேட்பாளர் யார் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் அதுவரை எம்.பி.யாக இருந்த தோழர் நடராஜனின் ஐந்தாண்டு வேலை நன்றாக இருந்ததா இல்லையா என்று அந்த ஊர் வாக்காளர்களையும் யாரும் கேட்கவில்லை. கூட்டணிக் கணக்கில் தொகுதி கைமாறியது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தப் பேரம் இல்லை. அதனால் கிடைப்பது என்ன, போவது என்ன என்பதுதான் என் மருமகளின் கேள்விக்கு உள்ளே இருக்கும் கேள்வி.

முதலில் இந்த இரண்டு பெயர்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். முற்போக்காளர் என்பது அங்கே ஒரு மனப்போக்கின் பெயர். கட்சிக்குள் இடப்பக்கம் சாய்ந்தவர்கள் யாரும் அதைச் சூட்டிக்கொள்ளலாம். 1991-இல் தொடங்கிய காங்கிரஸ் முற்போக்குக் குழுவில் இன்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சோசலிஸ்ட் என்று அழைத்துக்கொள்பவர்களோ பெரும்பாலும் 1982-இல் உருவான ஓர் அமைப்பின் சந்தா கட்டும் உறுப்பினர்கள். அது கட்சியன்று, வாக்குச்சீட்டில் அதற்குத் தனி வரிசை கிடையாது. அதன் வேட்பாளர்கள் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில்தான் நிற்கிறார்கள். ஆனால் யாரை ஆதரிப்பது என்று நியூயார்க் கிளையின் உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். வென்ற பிறகு அமைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆக, வாடகையைப் பற்றி இருவர் சொல்வதும் ஒன்றாகவே இருந்தாலும், நாளை நெருக்கடி வரும்போது யாருடைய தொலைபேசியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் இருவரும் வேறு. ரெய்னோசோ முப்பது ஆண்டு உறவுகளால் பின்னிய ஒரு பகுதிக் கூட்டணியின் ஆள். வால்டெஸ் ஓர் அமைப்பின் ஆள். இதை நான் எந்த இழிவோடும் சொல்லவில்லை. நம் ஊரில் ஊர்க்காரர் என்பதற்கும் கட்சிக்காரர் என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. சில நேரம் ஊர்க்காரர் நல்லவர், சில நேரம் கட்சிக்காரர்.

இப்படி ஒரே பக்கத்து ஆட்கள் மோதினால் மூன்றாமவர் புகுந்துவிடுவாரே என்ற அச்சம் நியாயமானது. எனக்கு அது படித்து வந்த அச்சமன்று. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சரிவில் இருந்த ஒரு சிறு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் தேர்தலுக்கு வாக்கு எண்ண என்னை உட்கார வைத்தார்கள், வாத்தியார் என்றால் நேர்மையாக எண்ணுவார் என்று. வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் பூண்டில் கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்று சொல்லியே இரண்டு நண்பர்கள் தனித்தனியாக நின்றார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லி இருவர் வீட்டுக்கும் போய்ப் பேசினோம். "அவன் விடட்டுமே" என்று இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். மண்டிக்காரருக்கு வேண்டிய மூன்றாமவர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல் வாக்கு வாங்கித் தலைவரானார். மூன்று கட்டுகளாகச் சீட்டுகளை அடுக்கிவைத்துப் பார்த்தபோது, மற்ற இரண்டு கட்டுகளையும் சேர்த்து ஒரு நூலால் கட்டிவிட வேண்டும் போல் என் கை துறுதுறுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

நியூயார்க்கின் 10-ஆவது தொகுதியில் 2022 ஆகஸ்ட் 23 அன்று நடந்தது ஏறக்குறைய இதுவேதான். மன்ஹாட்டனின் தென்பகுதியும் புரூக்ளினின் ஒரு பகுதியும் சேர்ந்த அந்தத் தொகுதி நாட்டிலேயே இடதுசாய்வு மிகுந்தவற்றுள் ஒன்று. லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்துச் சொத்தின் வாரிசான டேன் கோல்ட்மன், பல மில்லியன் டாலர் சொந்தப் பணத்தை இறக்கி நின்றார். அவருக்கு எதிரே முற்போக்காளர்கள் வரிசையாக நின்றார்கள்: யுலின் நியூ, மான்டேர் ஜோன்ஸ், கார்லினா ரிவேரா, இன்னும் சிலர். கோல்ட்மனுக்கு ஏறக்குறைய 26 விழுக்காடு, நியூவுக்கு 24, ஜோன்ஸுக்கு 18, ரிவேராவுக்கு 17. இடைவெளி சுமார் 1,300 வாக்குகள். நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்று சொன்ன ஒருவர் பிரதிநிதியானார்.

அந்தப் பட்டியலில் 81 வயது மூதாட்டி ஒருவரும் இருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்பது அவர் பெயர். 1972-இல், தமக்கு 30 வயதாக இருந்தபோது, புரூக்ளினில் 1923 முதல் உறுப்பினராக இருந்த இமானுவேல் செல்லரை ஒரு பிரைமரியில் சில நூறு வாக்குகளில் தோற்கடித்தவர். ஒகாசியோ கோர்டெஸுக்கு 46 ஆண்டுகள் முன்பே நடந்த அதே கதை. தோற்ற செல்லர் யார் தெரியுமா? ஆசியர்களுக்கு ஏறத்தாழ மூடிக்கிடந்த குடியேற்றக் கதவைத் திறந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்தச் சட்டம் இல்லையென்றால் என் அக்காள் மகள் ரிட்ஜ்வுட்டில் உட்கார்ந்து யாருக்கு வாக்களிப்பது என்று குழம்பிக்கொண்டிருக்க மாட்டாள். நல்லது செய்த கிழவரையும் பிரைமரி விட்டுவைப்பதில்லை.

டெட்ராய்ட்டில் 2018 ஆகஸ்டில் நடந்தது இன்னும் விசித்திரமானது. அரை நூற்றாண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்த ஜான் கான்யர்ஸ் இடையில் விலகியதால், மீதமிருந்த சில வாரப் பதவிக்கு ஒரு பிரைமரி, அடுத்த முழுப் பதவிக்கு ஒரு பிரைமரி என்று ஒரே நாளில் ஒரே வாக்காளர்களிடம் இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டன. முழுப் பதவிக்கு ஆறு பேர் நின்றார்கள். சோசலிஸ்ட் அமைப்பைச் சேர்ந்த ரஷீதா தலைப் 31 விழுக்காட்டோடு வென்றார். குறுகிய பதவிக்கு நான்கு பேர் மட்டுமே நின்றார்கள். நகரமன்றத் தலைவர் பிரெண்டா ஜோன்ஸ் வென்றார், தலைப் இரண்டாமவர். எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. வாக்கு பிரிந்தால் இடதுசாரிக்குத்தான் எப்போதும் நட்டம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பிரிவினை அங்கே ரஷீதாவுக்குக் கைகொடுத்தது. தொடர்ந்து ஒவ்வொரு தேர்தலிலும் அவர் வென்றுவருகிறார்.

இதற்கு மருந்து அந்த நகரத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேதனை. 2019-இல் நடந்த வாக்கெடுப்பில் நியூயார்க் நகர மக்கள் விருப்ப வரிசை வாக்கு முறையை ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து பேர் வரை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம்; கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இது நமக்குப் புதிதன்று. நம் குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் எண்ணப்படுகிறது. 1969-இல் தொழிற்சங்கத் தலைவரான வி.வி. கிரி, சஞ்சீவ ரெட்டியை வென்றது இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதான். 2025 ஜூன் மேயர் பிரைமரியில் மம்தானியும், முற்போக்காளரான பிராட் லாண்டரும், "எனக்கு ஒன்று போட்டால் அவருக்கு இரண்டு போடுங்கள்" என்று ஒருவருக்கொருவர் ஆதரவு தெரிவித்தார்கள். போட்டியாளர்கள் இருவர் சேர்ந்து மேடையேறிய காட்சியை என் மருமகள் அப்போது படம் அனுப்பியிருந்தாள். நான் கூட்டணி என்றே நினைத்தேன். இறுதிச் சுற்றில் மம்தானி 56 விழுக்காட்டோடு முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கோமோவை வென்றார்.

ஆனால் அந்த முறை நகரப் பதவிகளுக்கு மட்டும். காங்கிரஸ் பிரைமரி மாநிலச் சட்டப்படி நடப்பதால் அங்கே பழைய கணக்குத்தான்: யாருக்கு ஒரு வாக்குக் கூடுதலோ அவர் வெற்றி. அதே வாக்குச்சாவடி, அதே வாக்காளர். மேயருக்கு வரிசைப்படுத்தலாம், காங்கிரஸுக்குக் கூடாது.

ஆகவே 10-ஆவது தொகுதியில் இம்முறை தோழர்கள் பாடம் கற்றவர்களாக நடந்துகொண்டார்கள். கோல்ட்மனை எதிர்த்து லாண்டர் களமிறங்கினார், மம்தானி ஆதரித்தார், போட்டியிட நினைத்திருந்த சோசலிஸ்ட் நகரமன்ற உறுப்பினர் அலெக்சா அவிலெஸ் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த தொகுதியான 7-இல் மட்டும் ஒதுங்க யாருக்கும் மனமில்லை. இதை முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோல்ட்மன் போன்ற ஒருவர் எதிரே இருந்தால் சேர வேண்டும்; இருவருள் யார் வென்றாலும் தொகுதி இடப்பக்கமே இருக்கும் என்றால், அப்போதுதான் வாக்காளர் முன்னால் வெளிப்படையாக வாதிட நேரம். வெலாஸ்கெஸே 1992-இல் ஒன்பதுமுறை வென்ற ஸ்டீபன் சோலார்ஸையும் வேறு பலரையும் எதிர்த்து, பிரிந்துகிடந்த பிரைமரியில்தான் உள்ளே வந்தார். அன்று யாராவது அவரை ஒதுங்கச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா?

ஒரு எச்சரிக்கையை மட்டும் சோசலிஸ்டுகள் பக்கம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த வாக்குப்பதிவில் பிடித்த கோட்டை, குறைந்த வாக்குப்பதிவிலேயே போகும். செயின்ட் லூயிஸில் தந்தையும் மகனுமாக 1969 முதல் வைத்திருந்த தொகுதியை 2020-இல் கோரி புஷ் பிடித்தார். அதே ஆண்டு பிராங்க்ஸை ஒட்டிய 16-ஆவது தொகுதியில் பள்ளித் தலைமையாசிரியர் ஜமால் போமன் 16 முறை வென்ற எலியட் எங்கலைச் சாய்த்தார். 2024-இல் இருவரும் பிரைமரியிலேயே தோற்றார்கள். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏபேக்கின் பிரசாரக் குழு போமனுக்கு எதிராக மட்டும் 14 மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டது. அதுவரை நடந்த பிரதிநிதிகள் சபை பிரைமரிகளிலேயே அதிகச் செலவு பிடித்தது அதுதான். பணத்தைச் சொல்லியே இதை முடித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். போமனின் தொகுதியில் வசதியான புறநகர் வாக்காளர்கள் பெரும்பகுதி. அவர்களை வென்ற பிறகு வைத்துக்கொள்ளும் வேலை வேறு. கூட்டணி ஒதுக்கிய தொகுதியில் வென்ற நம் தோழர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் வாங்கிய வாக்கில் சொந்த வாக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட அஞ்சுகிறார்கள்.

என் மருமகளிடம் யாருக்கு வாக்களி என்று நான் சொல்லவில்லை. பதிலாக ஒன்று கேட்டேன்: நீ எந்தக் கட்சியில் பதிவு செய்திருக்கிறாய்? கொஞ்சம் நேரம் பேச்சில்லை. வாக்காளர் படிவம் நிரப்பியபோது கட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள், நம் ஊர்ப் பழக்கத்தில், கட்சியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. நியூயார்க்கில் கட்சியில் பதியாதவருக்கு அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்கு இல்லை. அதைத் திருத்தப் பிப்ரவரி 14 கடைசி நாள். எந்த வேட்பாளர் என்று மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டவளுக்கு வாக்கே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்று இரவு படிவத்தின் படம் வந்தது. ஜனநாயகக் கட்சிக் கட்டத்தில் குறியிட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஜூன் வரை நேரமிருக்கிறது, இருவரும் அவள் தெருவுக்கு வரட்டும்.